மலாக்கியின் மாத்திரை

மீனோவின் ரத்தத்தில் யூரிக் அமிலம் நன்றாக இறங்கிவிட்டால் அவன் தன்னைத்தானே கடித்துக்கொள்வதை விட்டுவிடுவான் என்று பெனினா நம்பினாள். அப்படியெல்லாம் ஆகாது என்று டாக்டர் பென்ரோஸ் எட்டு வருஷத்தில் மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்று முறையும் பெனினா தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச அவள் குடியிருக்கும் மாங்கெரே வட்டாரத்தில் ஆள் கிடையாது. சர்ச்சில் பாதிரியாருக்கு, வேலையில் மேற்பார்வையாளருக்கு, பிரிஸ்பேனில் வேலை தேடிக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போன புருஷனுக்கு, எல்லோருக்கும் ஒரே தலையாட்டல்தான். அந்தப் புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மீனோவுக்கு ஒன்பது வயது. பிறவி நோய். உடம்பு தன் கழிவில் ஒரு பங்கை மறுபடி எடுத்துப் புழங்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்கிற சரக்கு அவன் உடம்பில் இல்லை. எல்லாம் யூரிக் அமிலமாகக் குவிகிறது. கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது, அதனால் சக்கர நாற்காலி. நாக்கு குழறும். புத்தி மட்டும் படு கூர்மை. ரக்பி ஆட்டக்காரர்களின் சட்டை எண் முழுவதும் மனப்பாடம்.

கடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை இல்லை. கை தானாக வாய்க்குப் போகும், பல் இறங்கும், பிறகு அவனே அலறுவான். இடது சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. கீழுதட்டில் பாதி இல்லை. முழங்கை மடங்காதபடி இரண்டு கைக்கும் கெட்டியான பட்டை கட்டியிருப்பார்கள். பட்டை இருந்தால் தோளைக் கடிப்பான், மிச்சமிருக்கும் உதட்டைக் கடிப்பான். பட்டையைக் கழற்றினாலோ பயந்து போய் "கட்டு, கட்டு" என்று கத்துவான். வாயும் அப்படித்தான். யாரைப் பிடிக்குமோ அவர்களைத்தான் வண்டை வண்டையாகத் திட்டுவான். திட்டிவிட்டு, "மன்னிச்சுக்கோ" என்று அழுவான். மருத்துவமனையில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவன் ஒரு நர்ஸைப் பன்றி என்று கூப்பிட்டால் அந்த நர்ஸுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

இந்த வியாதியின் பெயரை டாக்டர்கள் சொன்ன அன்று பெனினாவுக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. அதன்பிறகு அவள் அழவில்லை, கோபப்படவில்லை. பெரிய சலவைக்கூடம் ஒன்றில் காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்பாள், மூன்று மணிக்குத் திரும்புவாள், மீனோவைக் குளிப்பாட்டுவாள், ரத்தத்தைத் துடைப்பாள். ரத்தத்தைத் துடைக்கும்போதும் மேசையைத் துடைக்கும்போதும் அவள் முகம் ஒன்றுதான். அமிலம் இறங்கினால் கடி நிற்கும் என்ற அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளிடம் சூடாக மிச்சமிருந்தது. அதை யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாள்.

யூரிக் அமிலத்தைப் பற்றி அந்தத் தெருவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெனினாவின் அப்பாவுக்குக் கட்டைவிரல் வீங்கும், சித்தப்பாவுக்குக் கணுக்கால், சர்ச் மூப்பருக்கு முழங்கால். பாதி வீடுகளில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே அந்த வெள்ளை மாத்திரை இருக்கும். வலி வந்தால் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அமிலம் ஏறினால் மாத்திரை பற்றவில்லை என்று அர்த்தம். மூன்று தலைமுறையாக அந்தக் கணக்குத் தப்பியதில்லை. மீனோவுக்கு டாக்டர் எழுதித் தந்ததும் அதே அலோபியூரினால்தான். புட்டியில் அதே பெயர், அதே கடை. அளவுதான் சின்னது.

தம்பி மலாக்கி பின்னறையில் இருந்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, முப்பத்து நாலு வயது, கதவை அடைக்கிற உடம்பு, அதைத் தாங்க முடியாமல் வருஷத்துக்கு நாலு தடவை வீங்குகிற கால் கட்டைவிரல். அக்கா கேட்டு இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் கிடையாது. அக்கா உட்காரும் சோபாவில் உட்காரமாட்டான். அவள் கூடத்துக்குள் வந்தால் எழுந்து இடம் விட்டுவிடுவான். வளர்ந்த பிறகு அக்காவும் தம்பியும் ஒட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பது சமோவா வீட்டில் அழகில்லை. அவளுக்காக உயிரை விடலாம், அவளோடு ஒரே சோபாவில் டிவி பார்க்க முடியாது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து டேரோக் கிழங்கையும் டப்பா மாட்டிறைச்சியையும் தின்று முடித்த பிறகு, பெனினா அவனிடம் கேட்டாள்.

"தம்பி, உன் மாத்திரையில பாதி எனக்கு வேணும்."

"எதுக்குக்கா? உங்களுக்கும் விரல் வீங்கிருச்சா?"

"மீனோவுக்கு. அவங்க குடுக்கறது எலிக்கு வைக்கிற மாதிரி இருக்கு. நீ திங்கிறதுல மூணுல ஒரு பங்கு."

"டாக்டரம்மாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லும்? ரத்தம் எடுத்துப் பாக்கலாம்னு சொல்லும். எட்டு வருஷமா எடுத்துப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."

மலாக்கி உள்ளே போய்ப் புட்டியையே கொண்டுவந்து வைத்தான். பாதி கேட்டால் பாதி கொடுக்கிறவன் தம்பியா? "நான் அடுத்த மாசம் வாங்கிக்கறேன்" என்றான். தனக்கென்று அவன் வாங்கவில்லை. ஒரே மருந்துச் சீட்டுக்கு இரண்டு புட்டி எந்தக் கடையில் தருவார்கள்? அடுத்த மாதச் சீட்டுக்குக் கிடைத்த ஒரு புட்டியையும் அவளிடமே கொடுத்தான்.

பெனினா காலையில் வாழைப்பழத்தை மசித்து அதில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தாள். மீனோ கண்டுபிடித்துவிட்டான்.

"கசக்குது. கிழட்டு மாடு."

"மாமாவோட மாத்திரை. முழுங்கு."

"மாமா குண்டுப் பன்னி."

"சரி, குண்டுப் பன்னி மாத்திரை. முழுங்கு."

ஏப்ரலில் மலாக்கியின் கட்டைவிரல் பழி வாங்கியது. மருந்து போய்ச் சேராத கால் அப்புறம் என்ன செய்யும்? போர்வை நுனி பட்டாலே உயிர் போகிற வலி. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தான். பள்ளிக்கூட விடுமுறை வேறு. விடுமுறையில் மீனோவைப் பார்த்துக்கொள்ளும் லூத்தி அம்மாளிடம், நான்தான் வீட்டில் இருக்கிறேனே, ஏன் அலைகிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்த வாரம் பெனினா ஒரு நாள் மூன்று மணிக்கு வந்து மீனோவின் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். புதுக் காயம் இல்லை. மறுநாளும் இல்லை. உதட்டில் பழைய புண் காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. தோளில் பல் தடம் மங்கியிருந்தது. ஆறு நாள் அப்படி ஓடியது. ஆறாவது நாள் அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அந்தப் பொருக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பசித்தது. எழுந்து போய் ரொட்டியில் வெண்ணெய் தடவி நாலு துண்டு தின்றாள்.

அடுத்த வாரம் மலாக்கி நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனான். மீனோ கடித்தான். பெனினா மாத்திரையைக் கூட்டினாள். மே மாதத்து ரத்தப் பரிசோதனையில் அமிலம் பாதிக்கும் கீழே வந்திருந்தது.

"பிரமாதம். இவ்வளவு கீழ வந்ததே இல்லையே, பெனினா. தண்ணி நல்லா குடுக்கறீங்க போல" என்று டாக்டர் பென்ரோஸ் சந்தோஷப்பட்டார்.

பெனினா தலையாட்டினாள். மருத்துவமனையில் எண் இறங்குகிறது, வீட்டில் கடி நிற்கவில்லை. அப்படியானால் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மறுபடியும் கூட்டினாள்.

ஜூலையில் ஒரு மழைநாள் சாயங்காலம் மீனோ இடுப்பை வளைத்துக்கொண்டு அலறினான். டயப்பரில் ரத்தம். வலி என்றால் அமிலம், அமிலம் என்றால் மாத்திரை. ஆம்புலன்ஸுக்கு போன் போடுவதற்கு முன்னால் பெனினா இன்னொரு மாத்திரையைப் பொடித்து அவன் வாயில் போட்டாள்.

மீனோவின் வலது சிறுநீரகம் ஐந்து வயதிலேயே கற்களால் சுருங்கிப் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை செய்வது இடது ஒன்றுதான். அதன் வாயில் இப்போது கல் அடைத்திருந்தது. குழாய் விட்டு எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, கல்லைச் சோதித்த தாளோடு டாக்டர் பென்ரோஸ் வந்தார். ஐம்பது வயது, முகமெல்லாம் தவிட்டுப் புள்ளி, மூக்குக்கண்ணாடியை எப்போதும் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மனுஷி. மலாக்கி கதவருகே தலை குனிந்து நின்றான். அக்கா உட்கார்ந்திருக்க அவன் உட்காரமாட்டான்.

"இது யூரிக் அமிலக் கல் இல்ல, பெனினா. அமிலம்தான் ரொம்பக் கீழ இருக்கே, அப்புறம் எப்படி கல் வந்துதுன்னு எனக்கே குழப்பமா இருந்தது. இது அதுக்கு முந்தின சரக்கு. ஸாந்தீன்னு பேரு. மாத்திரையே உண்டாக்கின கல்."

"மாத்திரையா?"

"நீங்க சலவையில வேல பாக்கறீங்கல்ல? கடைசி மெஷினை நிறுத்திட்டா என்ன ஆகும்?"

"அதுக்கு முந்தின மெஷின் வாயில துணி குவியும்."

"அதேதான். இந்த மாத்திரை கடைசி மெஷினை நிறுத்துது. மத்தவங்களுக்குக் குவியறதுல பாதியை உடம்பு திரும்ப எடுத்துக்கும். மீனோ உடம்புல எடுக்கற ஆளே கிடையாது. மொத்தமும் குவியுது. அமிலமாவது தண்ணியில கொஞ்சம் கரையும், இது அவ்வளவுகூடக் கரையாது. அதனாலதான் அவனுக்கு அளவு பாத்துப் பாத்துக் குடுக்கறோம்."

பெனினாவுக்கு முழுதும் விளங்கிவிட்டது. பதினோரு வருஷமாகச் சலவைக்கூடத்தில் அவள் நிற்கிற இடம் அதுதான். விளங்கியும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவது போல இருந்தது.

"சீட்டுல இருக்கிற அளவுதானே குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா."

கேட்டவுடன் வந்துவிட்டது அந்த ஆமா. பின்னால் இழுக்க முடியவில்லை. தப்பு தெரிந்தால் அரசாங்கத்தார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவள் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது. யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பயத்துக்கு அதெல்லாம் தேவையுமில்லை.

டாக்டர் பென்ரோஸ் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா சீட்டு அளவே இவனுக்கு ஜாஸ்தின்னு அர்த்தம். பாதியாக் குறைக்கணும். குறைச்சா அமிலம் ஏறும். இருக்கிறது ஒரு கிட்னி. அதுவும் அடிவாங்கும்தான், ஆனா வேற வழி தெரியல எனக்கு."

சீட்டு அளவு சரியான அளவு என்பது அந்த அறையில் பெனினாவுக்குத் தெரியும், மலாக்கிக்குத் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியாது. அவர் பேனாவை எடுத்தார்.

"அம்மா குடுத்தா" என்றான் மீனோ கட்டிலிலிருந்து. வார்த்தை குழறினாலும் டாக்டருக்கு அவன் பேச்சுப் பழக்கம். "மாமா மாத்திரை. நெறைய குடுத்தா. திருட்டு மாடு."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஓ, அம்மா மேல இன்னிக்கு அவ்வளவு பாசமா? என்னைக் காலையில விஷக்காரின்னான், தெரியுமா?" என்றபடி எழுதத் தொடங்கினார்.

"நெஜம்! நெஜம்!" மீனோ உடம்பை முறுக்கிக் கத்தினான். உதட்டில் பல் இறங்கியது. நர்ஸ் ஓடிவந்தாள்.

இப்போது பெனினா சும்மா இருந்தால் போதும். அவள் மகன் சொன்ன நிஜத்தை அவன் வியாதியே மூடி மறைத்துவிட்டது. இதற்கு மேல் ஒரு வசதி எந்தக் குற்றவாளிக்குக் கிடைக்கும்? அவள் மலாக்கியைப் பார்த்தாள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லாததை அவன் சொல்லமாட்டான். அந்தக் கிட்னி கரைந்தே போனாலும் சொல்லமாட்டான். அப்படி வளர்த்திருக்கிறார்கள். டாக்டரின் பேனா ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போனது.

"அவன் திட்டல, டாக்டர். உள்ளதைச் சொல்றான். சீட்டு அளவைக் குறைச்சிராதீங்க. அது சரியான அளவுதான். நான்தான் மார்ச்சுலேருந்து தம்பி மாத்திரையையும் சேத்துக் குடுத்தேன். மொதல்ல ஒண்ணு. அப்புறம் ஒண்ணரை. அப்புறம் ரெண்டு."

டாக்டர் பேனாவை மூடினார். எழுதிய தாளைக் கிழித்துக் கசக்கினார்.

"ஏன் பெனினா?"

"ஏப்ரல்ல ஆறு நாள் கடிக்கல. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன். இன்னும் குடுத்தா நின்னுரும்னு நெனச்சேன்."

"அது வேற, இது வேற. இந்த மருந்து கிட்னியைக் காப்பாத்தும். கடியை நிறுத்தாது. இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கேன்."

"மூணு தடவ சொன்னீங்க. ஆனா ஆறு நாள் கடிக்கலையே?"

அப்போதுதான் மலாக்கி தொண்டையைக் கனைத்தான். தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"அக்கா, அந்த ஆறு நாளும் நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"என்ன?"

"பட்டையைக் கழட்டிட்டு ரெண்டு கையையும் என் கையில வச்சுக்கிட்டேன். காலையில நீங்க போனதுலேருந்து. பிடிச்சுக்கிட்டா சாந்தமா இருக்கான். உதட்டைக்கூடக் கடிக்கறதில்ல. ரக்பி பாத்தோம். உங்க கார் சத்தம் கேட்டதும் பட்டையை மாட்டிட்டு ரூமுக்குப் போயிருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ரொட்டி தின்னீங்க. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சொல்ல மனசு வரல."

மூன்று முறை டாக்டர் சொல்லியும் சாகாத நம்பிக்கை அங்கேதான் செத்தது. பெனினாவுக்கு வலிக்கவில்லை. உண்மையைச் சொன்ன நிம்மதிகூட வரவில்லை. நர்ஸ் மீனோவின் உதட்டில் பஞ்சை வைத்து அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். இதை எழுதித்தான் ஆக வேண்டும், வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள், நானும் அவர்களோடு பேசுகிறேன், பயப்படாதீர்கள். பெனினா தலையாட்டினாள்.

குழந்தை நலத் துறையிலிருந்து ஆள் வந்தார்கள். இரண்டு பேர், இரண்டு முறை. மீனோ அவர்கள் இருவரையும் கெட்ட வார்த்தையில் திட்டினான். டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் அவர்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். மீனோவை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவன் மாத்திரை இப்போது நாளுக்கு ஒரு பொட்டலமாக, ஒட்டி முத்திரை வைத்து, கடையிலிருந்து வருகிறது. இடது கிட்னி இழுத்துப் பிடித்து ஓடுகிறது. மலாக்கியின் மாத்திரையை மலாக்கியே தின்கிறான், லூத்தி அம்மாள் பார்க்கும்படியாக.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பெனினா சோபாவில் மீனோவைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு அவன் பட்டைகளைக் கழற்றினாள். "கட்டு, கட்டு" என்று அவன் கத்தத் தொடங்குவதற்குள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் திமிறின. எலும்பும் நரம்பும்தான், ஆனாலும் அவ்வளவு பலம். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. மீனோ அவள் தோளில் தலையை வைத்து டிவியில் ரக்பி பார்த்தான்.

"ஆறாம் நம்பர் சொத்தை. நீயும் சொத்தை" என்றான்.

அரைமணி நேரத்தில் அவள் மூக்கு அரித்தது. முக்கால் மணியில் முதுகு பிடித்தது. தாகம் எடுத்தது. ஒரு கையைத் தளர்த்திப் பார்த்தாள். உடனே அது வாயை நோக்கிப் பாய்ந்தது. மறுபடி பிடித்தாள். ஒரு மணி நேரம் ஆனபோது சிறுநீர் முட்டியது. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். காலை ஆறிலிருந்து பிற்பகல் மூன்று வரை ஒன்பது மணி நேரம் ஆகிறது. அப்படி ஆறு நாள்.

"மலாக்கி!"

அவன் வந்து வாசற்படியில் நின்றான். அவள் சோபாவில் இருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் சம்மணம் போட்டான்.

"எப்படிடா உக்காந்திருந்தே? ஒரு மணி நேரம் என்னால முடியல. எந்திரிச்சு ஓடிரலாம்னு வருது. உனக்கு வரலையா?"

"வந்துச்சுக்கா" என்றான் மலாக்கி வெட்கத்தோடு. "ஆனா காலு அப்படி வீங்கிக் கிடந்துதே. எந்திரிச்சு எங்க ஓடறது?"

மீனோ அதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பெனினாவுக்கும் சிரிப்பு வருவது போலத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்தது. மகனுக்கு அவள் கொடுத்த மாத்திரை கல்லாயிற்று. அந்த ஆறு நாளைக் கொடுத்தது தம்பி தின்னாமல் விட்ட மாத்திரை. எட்டு வருஷத்து அழுகை மூக்கிலும் கண்ணிலும் ஒன்றாக ஒழுகியது. இரண்டு கையிலும் மீனோவின் கை இருந்ததால் அவளால் அதைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.